ஸ்காட்டர்குட்: பண்ணையோடு ஒரு குவேக்கர் பள்ளி

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், வெஸ்ட் பிராஞ்ச் ஊருக்குப் பக்கத்தில் மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது ஸ்காட்டர்குட் ஃப்ரெண்ட்ஸ் பள்ளி. 'ஃப்ரெண்ட்ஸ்' என்றும் சொல்லப்படும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் 1890-இல் தொடங்கியது. சிறிய விடுதிப் பள்ளி. பிள்ளையைச் சேர்க்கும் யோசனை உள்ளவர்கள் பண்ணையையும் சமையலறையையும் கேட்டு வாங்கியாவது பார்த்துவிட வேண்டும். பள்ளியின் பலம் அங்கேதான்.

பாத்திரம் கழுவுவது, காய் நறுக்குவது, கூட்டித் துடைப்பது, கால்நடைக்குத் தீவனம் வைப்பது என்று எல்லா வேலைக்கும் மாணவர்களுக்கு முறை உண்டு. இந்தக் குழுக்களுக்கு 'க்ரூ' என்று பெயர். ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்; குவேக்கர் வழக்கம் அது. 'சார், மேடம்' என்று பழகிய நம் பிள்ளைகளுக்கு முதல் வாரம் வாய் வராது.

பள்ளித் தோட்டம் என்ற பெயரில் நாலு தொட்டி வைத்துப் படம் எடுக்கும் இடங்கள் நிறைய. இங்கே மாடு, செம்மறி, பன்றி என்று உயிருள்ளவை இருப்பதால் ஒருவர் முறை தவறினால் உடனே தெரிந்துவிடும். கலப்புப் பண்ணையில் புதியவர்கள் வழக்கமாகத் தடுமாறும் ஒரு விஷயம்: மாட்டுக்கும் பன்றிக்கும் வாங்கும் தாதுக் கலவையில் தாமிரம் சேர்த்திருப்பார்கள். அதையே செம்மறிக்கு வைத்தால் தாமிரம் ஈரலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒருநாள் ஆடு திடீரென்று விழும். எந்த மூட்டை யாருக்கு என்று படித்துப் பார்த்துப் பிரிக்கிற பிள்ளைக்கு வேதியியல் பாடம் பாதி முடிந்த மாதிரி.

இன்னொன்று தண்ணீர்க் குழாய். ஐயோவாவில் ஜனவரி வெப்பநிலை சில நாள் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும். அதனால் பண்ணைகளில் உறையாத குழாய் பதிப்பார்கள். அதன் அடைப்பான் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே இருக்கும். கைப்பிடியை மூடியதும் நிற்குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் அடியில் உள்ள துளை வழியாகச் சரளைக்குள் வடிந்துவிடும். ரப்பர் ஹோஸைக் கழற்றாமல், அதன் முனையையும் மூடிவிட்டுப் போனால் காற்று புக வழியில்லை, தண்ணீர் வடியாது. விடிவதற்குள் உறைந்து, குழாய் வெடிக்கும். அப்புறம் மந்தைக்கே வாளியில் தண்ணீர் சுமக்க வேண்டியதுதான். 'ஹோஸைக் கழற்று' என்று எழுதி ஒட்டினாலும் ஒருவர் மறப்பார். ஏன் என்று புரிந்தவர் மறக்க மாட்டார்.

தோட்டத்தில் ஒரு குறை உண்டு, கோடை விடுமுறை விடும் எல்லாப் பள்ளிகளுக்கும் உள்ளதுதான். கிழக்கு ஐயோவாவில் கடைசி உறைபனி மே முதல் பாதி வரை வரலாம். தக்காளி நாற்றை அதற்குப் பிறகுதான் நட முடியும். நட்ட கையோடு விடுமுறை. ஜூன், ஜூலையில் களை மண்டும்போது பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். உருளையும் பூசணியும் செப்டம்பருக்கு நிற்கும். பூண்டை அக்டோபரில் ஊன்றி, மேலே வைக்கோல் மூடிவிட்டு, அடுத்த ஜூலையில் பிடுங்குவார்கள். ஊன்றியவர்கள் அப்போதும் இருக்க மாட்டார்கள். நடவும் அறுவடையும் பார்த்த பிள்ளை களையெடுப்பைப் பார்க்காமல் போகிறது. விவசாயத்தில் முக்கால்வாசி களையெடுப்புதானே? கோடையில் மாணவர்கள் தங்கி வேலை செய்ய வழி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சமூக சேவைக்கு வருவோம். இந்த வளாகத்துக்கே அதில் பெரிய வரலாறு உண்டு. பள்ளி 1931-இல் மூடப்பட்டுக் காலியாகக் கிடந்தது. அமெரிக்கக் குவேக்கர்களின் சேவை அமைப்பு 1939 முதல் 1943 வரை இதை விடுதியாக்கி, ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஐரோப்பியர் 186 பேரைத் தங்கவைத்தது. ஆங்கிலமும் கார் ஓட்டுவதும் சொல்லிக்கொடுத்து வேலை தேட உதவினார்கள். சமையலையும் துப்புரவையும் வந்தவர்களும் ஊழியர்களும் சேர்ந்தே செய்தார்கள். பள்ளி மறுபடி திறந்தது 1944-இல்.

அந்த அளவுகோலோடு இன்றைய எந்தப் பள்ளியின் சேவைத் திட்டத்தையும் பார்த்தால் கொஞ்சம் கறாராகவே கேட்கத் தோன்றும். வேலையைக் கேட்டது யார், பள்ளியா, அந்த ஊர்க்காரர்களா? அதே இடத்துக்கு மாதாமாதம் போகிறார்களா? மணிக்கணக்கு எழுதி முடிப்பதோடு சரியா? பதினைந்து பிள்ளைகள் ஒருநாள் ஒரு நிறுவனத்துக்கு வந்து சுவருக்கு வண்ணம் அடித்தால், தூரிகை, ஏணி, தரைவிரிப்பு, மேற்பார்வை எல்லாம் அந்த நிறுவனத்தின் தலையில்தான் விழும். பாதிச் சுவரை மறுநாள் அவர்களே திருப்பி அடிப்பார்கள். க்ரூ வேலைதான் பயிற்சி, சேவை அதன் நீட்டிப்பு என்று நடத்துகிற குவேக்கர் பள்ளியில் இந்தத் தொல்லை குறைவு. கையில் வேலை பழகிய பிள்ளைகள்தான் அங்கே போகிறார்கள்.

குவேக்கர் கூட்டங்களில் வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் பேசியதைக் கேட்டு, கூட்டத்தின் மனம் எங்கே நிற்கிறது என்று, கூட்டத்தை நடத்தும் கிளார்க் சொல்வார். ஒருவர் உடன்படாமல் ஒதுங்கி நிற்கலாம். மனசாட்சி இடம் கொடுக்காவிட்டால் முடிவை நிறுத்தியும் வைக்கலாம். பாத்திரம் கழுவும் முறையை மாற்றும் சின்ன விஷயம்கூட இந்த வழியில் வாரக்கணக்கில் இழுக்கும். சட்டுபுட்டென்று முடிவு வேண்டும் என்ற சுபாவக்காரப் பிள்ளைக்கு இது பெரிய சோதனை.

பார்க்கப் போகிறவர்கள் ஞாயிறு காலையில் போங்கள். பன்றிக்கு விடுமுறை கிடையாது. தொழுவத்தில் தீவன வாளியோடு நிற்பது மாணவரா, சம்பள ஆளா என்று பாருங்கள். மாணவர் என்றால், செம்மறி மூட்டை எது என்று கேளுங்கள்.