பழ ஈக்கு மருந்தா, பொறியா?

மா அறுவடைக்கு ஒரு மாதம் இருக்கும்போது கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோட்டங்களில் இந்தக் கேள்வி எழும். காய் முற்றத் தொடங்கியதும் பெண் ஈ தோலைத் துளைத்து முட்டை வைக்கிறது. வெளியே ஊசி குத்திய அளவுக்குப் புள்ளி. பழுத்தபின் அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழு. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்டதும் இந்த ஈயால்தான்.

மருந்து அடிப்பது சுலபம், மறுக்கவில்லை. ஆளும் தெளிப்பானும் கிடைத்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆனால் புழு இருப்பது பழத்துக்குள்ளே. கூட்டுப்புழு கிடப்பது மண்ணுக்குள்ளே. மருந்தோ இலையிலும், சில வாரங்களில் ஒரு குழந்தை கடிக்கப்போகும் காயின் தோலிலும் படிகிறது.

பொறி என்பது பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தொங்கும் சிறு பிளைவுட் கட்டை. எத்தனால், ஈயை வாசனையால் இழுக்கும் மெத்தில் யூஜினால், பூச்சிக்கொல்லியான மாலத்தியான் மூன்றையும் 6:4:1 அளவில் கலந்து கட்டையை ஊறவைப்பார்கள். இதிலும் நஞ்சு உண்டு. ஆனால் அது டப்பாவைத் தாண்டுவதில்லை. எங்கள் தோட்டத்தில் முதல் பொறியைத் திறந்து தரையில் கொட்டியபோது ஒரு கைப்பிடி பழ ஈ. விரலால் கிளறிப் பார்த்தேன், தேனீ ஒன்றுகூட இல்லை. அன்றே என் மனம் பொறியின் பக்கம் சாய்ந்துவிட்டது.

குறையையும் சொல்லவேண்டும். வாசனைக்கு வருவது ஆண் ஈ மட்டுமே. பக்கத்துத் தோட்டத்தில் இணைசேர்ந்த பெண் ஈ வேலி தாண்டி வந்து முட்டை வைக்கும். தனியொருவர் மருந்து அடிக்கலாம். பொறிக்கு அக்கம்பக்கமும் சேரவேண்டும். கூடவே விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதைக்கவேண்டும், மரத்தடியைக் கொத்திக் கூட்டுப்புழுவை வெயிலில் போடவேண்டும்.

மாம்பூவில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கு இந்தப் பொறி உதவாது. அதற்கு மருந்து தேவைப்பட்டால் பூ விரியும் முன்பே அடித்துவிடுங்கள். மகரந்தம் சுமக்கும் ஈயும் தேனீயும் வரும் நேரத்தில் வேண்டாம்.

உழவருக்கு விழிப்புணர்வு இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். வீட்டுக்கென்று ஒதுக்கிய மரத்தில் மருந்து படாமல் பார்த்துக்கொள்பவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். தோட்டத்தைப் பூவிலேயே வியாபாரிக்குக் குத்தகை விடும் வழக்கம்தான் இடிக்கிறது. பறித்ததும் போய்விடுபவருக்கு அடுத்த ஆண்டின் மண்ணைப் பற்றி என்ன கவலை? இம்முறை குத்தகைச் சீட்டில் விழுந்த பழம் பொறுக்குவதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் மூவரும் பொறி கட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.