மேக்பெத்தா, மூன்றாம் ரிச்சர்டா, சிலம்பா, மனோன்மணீயமா: நெல்லையில் எதைப் போடலாம், எதைப் படிக்கலாம்?

பதவி ஆசையையும் கொடுங்கோலையும் பற்றி நாடகம் போட வேண்டும், அல்லது நாலு பேர் வாரா வாரம் கூடி ஒரு நூலைப் படிக்க வேண்டும் என்றால் பாளையங்கோட்டைப் பக்கம் முதலில் அடிபடும் பேர் மேக்பெத்தான். தலைமுறை தலைமுறையாகக் கல்லூரியில் படித்த பழக்கம். ஆனால் போட்டியில் இன்னும் மூன்று உண்டு: மூன்றாம் ரிச்சர்டு, சிலப்பதிகாரத்து வழக்குரை காதை, மனோன்மணீயம். நாலையும் நிறுத்துப் பார்க்க ஒரு கேள்வி போதும். அரசனை எதிர்த்துக் கேட்பவர் கதையில் யார், கேட்டதற்கு என்ன நடக்கிறது? ராஜா எவ்வளவு கெட்டவன் என்று அளந்துகொண்டிருப்பதில் பெரிதாக ஒன்றும் தேறாது.

மேடைக்கு மேக்பெத் வசதியானது. 1606 வாக்கில் எழுதப்பட்டது. ஷேக்ஸ்பியரின் சோக நாடகங்களில் ஆகச் சிறியது. சுருக்கினால் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். சூனியக்காரிகள் மூவரையே கொலையாளிகளாகவும் ஏவலாட்களாகவும் திரும்ப இறக்கினால் பத்துப் பன்னிரண்டு பேர் போதும்.

கோளாறு வருவது சுருக்கும் இடத்தில்தான். நேரம் போதாது என்று நாலாம் அங்கத்தில் மேக்பெத்தை எதிர்க்கும் பிரபு மக்டஃபின் மனைவியும் மகனும் கொல்லப்படும் காட்சியில் கை வைப்பார்கள். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பதவி ஆசை மட்டும். கொடுங்கோல் காணாமல் போய்விடும். ராஜா டன்கனைக் கொன்றதில் மேக்பெத்துக்கு லாபம் இருந்தது, பட்டம் கிடைத்தது. கூடப் போர்செய்த தோழன் பாங்கோவைக் கொன்றதற்குப் பயம் காரணம். மக்டஃப் ஏற்கெனவே இங்கிலாந்துக்குத் தப்பிவிட்ட பிறகு வீட்டில் இருக்கும் பிள்ளையை வெட்டுவதால் லாபமும் இல்லை, பயம் தீரப்போவதும் இல்லை. அந்த இடத்தில்தான் அவன் ஆட்சி வேறு ஒன்றாக மாறுகிறது.

அடுத்த காட்சியும் வெட்டுக்குத் தப்பாது, நீளம் என்பார்கள். டன்கன் மகனும் பட்டத்துக்கு உரியவனுமான மால்கம், மக்டஃபை நோட்டம் பார்க்கத் தன்னைப் பற்றியே பொய் சொல்கிறான். நான் பெரிய காமுகன் என்கிறான். பரவாயில்லை, சமாளிக்கலாம் என்கிறான் மக்டஃப். அடங்காத பேராசைக்காரன் என்கிறான். அதற்கும் நாட்டில் செல்வம் உண்டு என்று பதில் வருகிறது. ஒரு நற்குணமும் என்னிடம் இல்லை என்று சொன்ன பிறகுதான் மக்டஃபுக்குப் பொறுக்காமல் போகிறது. ஒரு கொடுங்கோலனை இறக்குவதற்காக ஒரு நல்ல மனிதன் எவ்வளவு தூரம் வளைந்து கொடுப்பான் என்பது அங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. இருபது வரியாவது மிச்சம் வையுங்கள்.

கேள்வி கேட்க வேண்டியவன் பாங்கோ. சூது நடந்திருக்கிறது என்று அவனுக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆனால் தன் வம்சமும் அரசாளும் என்ற குறி அவன் வாயைக் கட்டிவிடுகிறது. அவன் ஆவி விருந்தில் வந்து உட்காரும்போது நீல விளக்கும் புகையும் போட்டுப் பயங்காட்ட வேண்டாம். கொடைவிழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்த சனங்களுக்கு, அநியாயமாக வெட்டுப்பட்டவர் திரும்பி வருவது புதுச் செய்தி இல்லை. அவருக்குப் பீடம் போட்டுப் படையல் வைக்கும் ஊர் இது. வந்தவர் என்ன கேட்கிறார் என்றுதான் பார்ப்பார்கள். ஆளை வெளிச்சத்தில் பேசாமல் உட்காரவைத்தால் போதும்.

இன்னொரு நுணுக்கம். டன்கனைக் கொன்றுவிட்டு மேக்பெத் வெளியே வரும்போது காவலாட்களின் குத்துவாள்கள் அவன் கையிலேயே இருக்கின்றன. பழி அவர்கள் மேல் விழ, அவற்றை அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். மனைவி பார்த்துப் பதறி, தானே கொண்டுபோய் வைக்கிறாள். பின்வரிசைக்கும் தெரியும் அளவில் வாள் செய்யுங்கள். அது கண்ணில் படாவிட்டால் அடுத்து வரும் பேச்சு பாதிக்குமேல் விளங்காது.

மூன்றாம் ரிச்சர்டும் ஷேக்ஸ்பியருடையதுதான், 1590களின் முற்பகுதி நாடகம். ஹாம்லெட்டுக்கு அடுத்த நீளம். ஐம்பதுக்குமேல் பாத்திரங்கள், யார் யாருக்கு மாமன், யார் கொழுந்தி என்று புரிவதற்குள் இடைவேளை வந்துவிடும். ரிச்சர்டாக நடிக்கப் பேச்சில் சாமர்த்தியம் உள்ள ஆள் கிடைத்தால் மட்டும் தொடலாம். மேக்பெத்துக்கு மனசாட்சி உறுத்துகிறது. இவனோ செய்யப்போகும் அநியாயத்தை நம்மிடமே சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறான், நாமும் கூடச் சிரிக்கிறோம்.

இதில் பலரும் வெட்டிவிடும் ஒரு காட்சி, என் கணக்கில் நாடகத்திலேயே பெரிய காட்சி. மூன்றாம் அங்கம், ஆறாம் காட்சி, மொத்தமே பதினாலு வரி. ரிச்சர்டின் ஆணையால் ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் தலை போயாகிவிட்டது. பத்திர எழுத்தன் ஒருவன் குற்றப்பத்திரிகையின் நல்ல நகலோடு வருகிறான். நேற்று இரவு கைக்கு வந்தது, நகலெடுக்கவே பதினோரு மணி நேரம் பிடித்தது, மூலப்படி எழுதவும் அவ்வளவு நேரம் ஆகியிருக்கும். ஐந்து மணி நேரத்துக்கு முன்புகூட அந்த மனிதன் குற்றம் சாட்டப்படாமல், விசாரிக்கப்படாமல் நடமாடிக்கொண்டிருந்தானே என்று கணக்குப் போடுகிறான். இந்தத் தந்திரம் தெரியாத மூடன் யார், தெரிகிறது என்று சொல்லத் துணிபவன் யார் என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறான். சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்த யாருக்கும் இந்த ஆளை விளக்கத் தேவையில்லை. கேள்வி கேட்கிறான், ஆனால் யார் காதிலும் விழாமல்.

சிலம்பில் கேள்வி அரசன் காதில் விழுகிறது. ‘தேரா மன்னா’ என்கிறாள் கண்ணகி. வாயில்காவலன் தடுக்கவில்லை, அரசன் சிலம்பைக் கொண்டுவரச் சொல்கிறான். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல், இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்ததும் தெரிந்துவிடுகிறது, நெடுஞ்செழியன் அங்கேயே உயிர் விடுகிறான். நம் மேடைப் பேச்சாளர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நூலின் தொடக்கத்தில் உரைநடையாக வரும் உரைபெறு கட்டுரை ஒரு படி மேலே போகிறது: கொற்கையில் இருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்ய ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொல்கிறான். விசாரிக்காமல் ஒருவனைக் கொன்றதற்குப் பரிகாரம், விசாரிக்காமல் ஆயிரம் பேர். தாமிரபரணிக் கரைக் கொற்கையில் இருந்தவன் செய்தது என்பதால் நமக்கு இது தூரத்துச் செய்தியும் இல்லை. வாசிப்பு வட்டத்துக்கு ஒரு மாலை முழுக்க விவாதிக்க இது போதும்.

இனி மனோன்மணீயம். 1891ல் பெ. சுந்தரம் பிள்ளை வெளியிட்டது. லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதை ஒன்றைத் தழுவி, ஐந்து அங்கம், இருபது களம். பல்கலைக்கழகத்துக்கு அவர் பேரை வைத்திருக்கிறோம், ‘நீராரும் கடலுடுத்த’ எல்லோருக்கும் மனப்பாடம். அதைத் தாண்டி உள்ளே போனவர்கள் குறைவு. கதை நடப்பதே நம் ஊரில்! மதுரையை விட்டு நெல்வேலியில் கோட்டை கட்டி வாழ்கிறான் சீவக பாண்டியன். யோசனை அமைச்சன் குடிலனுடையது. மதுரையில் தன் பிடி இறுகாது என்பது அவன் கணக்கு. சீவகன் மகள் மனோன்மணிக்காகச் சேரனிடம் மணப்பேச்சுக்குத் தூது போகும் குடிலன் மகன் பலதேவன் நாஞ்சில்நாட்டு உரிமையைக் கிளறிப் போரை இழுத்துவருகிறான். ஆரல்வாய்மொழி தாண்டிப் போய்வரும் நெல்லைக்காரருக்கு அந்தத் தகராறின் ருசி தனியாகவே புரியும்.

மற்ற மூன்றிலும் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. சீவகன் கெட்டவன் இல்லை. ஆசை குடிலனுக்கு, ஆணை மட்டும் சீவகன் வாயிலிருந்து வருகிறது. அரசனின் உண்மை ஊழியன் நாராயணன் கிண்டலாகவாவது உண்மையைச் சொல்கிறான், பழி அவன் மேலேயே திரும்புகிறது. குலகுரு சுந்தர முனிவருக்குக் கோட்டையில் நம்பிக்கை இல்லை. வாதாடாமல் ரகசியமாகச் சுரங்கம் அமைக்கிறார். அந்தச் சுரங்கத்தின் வழியாகவே குடிலன் சேரனிடம் போய் நாட்டைக் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறான். சேர அரசன் புருடோத்தமன் அவனைப் பிடித்துக் கட்டிவைக்கிறான். எதிரி ராசாவுக்குத் தெரிந்தது சொந்த ராசாவுக்குத் தெரியவில்லை.

ஆனால் முழுதாக மேடை ஏற்ற வேண்டாம். படிப்பதற்கென்று எழுதிய செய்யுள் நாடகம், நாலாயிரம் அடிக்குமேல். கோட்டையைப் புகழும் களம், தூது, தோல்விக்குப் பின் அரசன் உடைவது, நள்ளிரவுத் திருமணம் என்று நாலு துண்டு எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். அகவலை அடி முடிவில் நிறுத்தி ராகம் போட்டால் பத்தாவது நிமிடம் கூட்டம் கொட்டாவி விடும். பொருள் முடியும் இடத்தில் நிறுத்திப் பேச்சாகச் சொல்லப் பழக்குங்கள். வாசிப்புக்கு வாரம் இரண்டு களம், பத்து வாரம். சந்தி பிரித்த பதிப்பாக வாங்குங்கள். இடையில் வரும் சிவகாமி சரிதம் என்ற கிளைக்கதையை முதல் சுற்றில் தாண்டிவிடலாம், கதை அறுபடாது.

ஆக, கல்லூரி விழாவுக்கு மேக்பெத், தனி நடிகர் ஒருவர் வாய்த்தால் ரிச்சர்டு, வாசிப்புக்கு மனோன்மணீயம், நடுவில் ஒரு நாள் சிலம்பு. மனோன்மணீயத் துண்டுகளை நடிப்பதானால் சீவகனுக்கு ஆள் எடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். அவனை அசடாக நடிக்கவிட்டால் குடிலனின் வேலை சுலபமாகிவிடும், பார்ப்பவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள். அன்பும் கம்பீரமும் உள்ள ஆளைப் போடுங்கள், சபையில் நாலு பேர் இவரைப் போல ஒரு ராஜா வேண்டும் என்று நினைக்கும்படி.