குமுளூரா, நிப்டெமா? ஆய்வகத்தை வைத்து ஓர் அலசல்

நெல், உணவு, பண்ணை இயந்திரம் என்று ஆர்வம் இருக்கிற டெல்டா பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே இரண்டு நல்ல இடங்கள் இருக்கின்றன. ஒன்று தஞ்சாவூரில் புதுக்கோட்டை சாலையில் இருக்கும் நிப்டெம் என்கிற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். இன்னொன்று லால்குடி பக்கம் குமுளூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தும் வேளாண்மைப் பொறியியல் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம். என் தங்கைக்காக வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் அலசி, குமுளூரில்தான் சேர்த்தோம். பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் சொந்தக்காரர்கள் வரிசையாகக் கேட்கிறார்கள், அதனால் எழுதிவிடுகிறேன். நான் குமுளூர் கட்சி என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு படியுங்கள்.

எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். நிப்டெமுக்கு ஜேஇஇ மெயின் எழுதியிருக்க வேண்டும், குமுளூருக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணும் வேளாண் பல்கலைக்கழகக் கலந்தாய்வும் போதும். கட்டணம் நிப்டெமில் கூடுதல். அங்கே பி.டெக் உணவுத் தொழில்நுட்பம், இங்கே பி.டெக் வேளாண்மைப் பொறியியல். பாடம் வேறு என்றாலும், அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பம் இரண்டிலும் வருவதால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

நிப்டெமைக் குறைத்துப் பேச மாட்டேன். அது நம் மண்ணின் பிரச்சினையிலிருந்தே பிறந்த நிறுவனம். 1960களில் ஏடிடி 27 என்கிற நெல் ரகம் பரவிய காலத்தில் குறுவை அறுவடை மழையில் மாட்டிக்கொண்டது, ஈர நெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்காகவே 1967-ல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி, பிறகு தஞ்சாவூருக்கு வந்து, பெயர்கள் மாறி மாறி 2021-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. உணவை முப்பரிமாண அச்சில் தயாரிக்கும் ஆராய்ச்சி, உணவுப் பரிசோதனைக் கூடம், புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான மையம் என்று வசதிப் பட்டியல் நீளம். ஆராய்ச்சி, முனைவர் பட்டம் என்று போகிற பிள்ளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்வேன்.

ஆனால் இளநிலை மாணவருக்கு நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. இருக்கிற இயந்திரம் ஓடுகிறதா, ரிப்பேர் ஆனால் யார் சரி செய்கிறார்கள், அந்த வேலையில் பிள்ளையின் கை படுமா?

எந்தக் கல்லூரியிலும் விலை உயர்ந்த பகுப்பாய்வுக் கருவி திட்ட நிதியில்தான் வரும். வாங்கும்போது பணம் இருக்கும், திட்டம் முடிந்த பிறகு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் தேட வேண்டும். கரைசலில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்து அளக்கும் எச்பிஎல்சி மாதிரி ஒரு கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் கரைசலை நுண்ணிய வடிதாளில் வடிகட்டாமல் விட்டால் பிரிக்கும் குழாய் அடைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் விளக்கு ஆயுள் முடிந்தால் பெரும்பாலும் கம்பெனி ஆளைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் அதை ஆராய்ச்சி மாணவரோ ஆபரேட்டரோதான் இயக்குவார், மற்றவர்கள் மாதிரியைக் கொடுத்துவிட்டு முடிவை வாங்கிக்கொள்வார்கள். அது நியாயமான ஏற்பாடுதான், நான் பொறுப்பில் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். ஆனால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை அதிலிருந்து எவ்வளவு கற்றுக்கொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேளாண்மைப் பொறியியலில் ஆய்வகம் என்பதே திறந்து மூடக்கூடிய இயந்திரம். தங்கை முதலில் வந்து சொன்னது விதைக்கும் கருவியை அளவு பார்க்கும் பயிற்சியைப் பற்றி. கருவியை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு குழாய்க்கும் அடியில் பை கட்டி, எண்ணிக்கை வைத்துச் சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். பையில் விழுந்ததை எடை போட்டால் ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை போகும் என்று கணக்கு வந்துவிடும். ஒரு பையில் மட்டும் விதை குறைந்திருக்கிறது. ஏன் என்று கழற்றிப் பார்த்தால் விதையை அளந்து தள்ளும் வரிப்பள்ள உருளையில் பழைய விதைத் தூசி கெட்டியாகப் பிடித்திருக்கிறது. துடைத்து மாட்டி மறுபடி சுற்றியிருக்கிறார்கள். இயந்திரத்தில் கோளாறு இருந்ததுதான் அன்றைக்குப் பாடமே. உதிரி பாகம் தேவைப்பட்டாலும் திருச்சியில் தேடினால் கிடைக்கிற சாமான்கள்தான் பெரும்பாலும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எங்கள் வயல்தான் காரணம். சம்பா அறுவடையில் களிமண் ஈரமாக இருந்தால் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, செயின் வண்டிதான் வர வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் வாடகை. செயின் கழன்றோ பெல்ட் அறுந்தோ வண்டி நடு வயலில் நின்றுவிட்டால் மெக்கானிக் வரும் வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மழை வந்து நெல் சாய்ந்தால் ஈரப்பதம் ஏறிவிடும், கொள்முதல் நிலையத்தில் விதியோ 17 சதவீதம். தளர்வு கேட்டு மாநில அரசு எழுதி, மத்தியக் குழு வந்து பார்த்துப் போவதற்குள் மூட்டை முளைத்துவிடும். டெல்டாவுக்கு இன்றைக்கு அவசரமாகத் தேவைப்படுவது இயந்திரத்தைத் தெரிந்த பொறியாளர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதோடு பாசனம், வடிகால் பாடங்களும் இந்தப் படிப்பில் வருகின்றன. கடைமடைக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வேலைவாய்ப்பு விஷயத்தில் என் அனுபவம் குறைவு, தங்கை இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். மாநில வேளாண்மைப் பொறியியல் துறையில் உதவிப் பொறியாளர் பதவிக்கு டிஎன்பிஎஸ்சி வழி இருக்கிறது, பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் வேளாண்மைப் பொறியியலுக்குத் தனித் தாளே உண்டு. உணவு நிறுவனங்களில் தனியார் வேலைதான் குறி என்றால் நிப்டெம் ஒரு படி மேலாக இருக்கலாம் என்றே எனக்கும் தோன்றுகிறது. விடுதியைப் பற்றி நிப்டெமில் படித்த ஒரு பையன் நல்லவிதமாகச் சொன்னான், அவ்வளவுதான் தெரியும்.

எந்த இடத்தைப் பார்க்கப் போனாலும் கட்டடத்தைச் சுற்றிக் காட்டும்போது அப்படியே ஆய்வகத்துக்குள் போய், இயந்திரத்துக்குப் பக்கத்தில் உபயோகப் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசியாக யார், எந்தத் தேதியில் ஓட்டினார்கள் என்று அதில் இருக்கும். மாணவர் பெயர் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் அந்த ஆய்வகத்து டெக்னீசியனிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள், எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.