பெரிய மேட்ச் அன்று கைவிடாத தெரு கேபிள்

ஊரே ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பார்க்கும் நாளில் எதை நம்பலாம் என்று யாராவது கேட்டால், எங்கள் தெரு கேபிளைத்தான் சொல்வேன். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் எங்களது. கேபிள்காரர் பெயர் வேண்டாம், அவர் விளம்பரம் கேட்கவில்லை. மாதம் 280 ரூபாய், பழைய பாக்ஸ், நாலு வருடமாக இதே இணைப்பு. இரண்டு கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டிகளைச் சொந்தபந்தம் இருபது இருபத்தைந்து பேரோடு வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், உட்கார்ந்து பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலாவது 2023 நவம்பர் 19, அகமதாபாத் ஃபைனல். கேபிள் இருந்தும் அன்று முதலில் நாங்கள் அதைத் தொடவில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன், "டிவி எதுக்கு சித்தப்பா, புரொஜெக்டர் எடுத்து போன்ல இருந்தே போட்டுரலாம், தியேட்டர் மாதிரி இருக்கும்" என்றான். சரி என்று 2,500 ரூபாய் வாடகைக்கு ஒன்றை எடுத்து வந்தோம். மேட்ச் ஆரம்பிப்பது மதியம் 2 மணிக்கு. எங்கள் வீட்டு வளவு நடுவில் வானம் பார்த்த முற்றம், வெளிச்சம் அப்படியே கொட்டும், திரையில் படம் வெளுத்துப் போய் ஆட்கள் நிழல் மாதிரிதான் தெரிந்தார்கள். ரோகித் சர்மா அடித்த சிக்ஸர் எந்தப் பக்கம் போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வாடகைக்குக் கொடுத்தவர் மேட்ச் எத்தனை மணிக்கு என்று கேட்டவர்தான், ஆனால் பகலில் முற்றத்தில் ஓடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

வெளிச்சத்தைக்கூட வேட்டியைக் கட்டிச் சமாளித்தோம், நெட்டை ஒன்றும் செய்ய முடியவில்லை. செட்டிநாட்டு வீட்டில் இருந்தவர்களுக்கு இது புரியும். அந்தக் காலத்துச் சுவர்கள், முகப்பில் இருக்கும் வைஃபை வளவுக்கு வருவதற்குள் செத்துவிடும், போனில் சிக்னல் வேண்டுமென்றால் திண்ணைக்குத்தான் போக வேண்டும். கோலி 54 ரன்னில் போல்டு ஆனபோது எங்கள் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து "அய்யோ" என்று கேட்டதும்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. அதற்கப்புறம் பொறுக்க முடியாமல் உள் அறை டிவியைத் தூக்கி வந்து, கேபிள் வயரை இழுத்து, வளவுத் தூணோரம் ஸ்டூல் போட்டு வைத்தோம். டிராவிஸ் ஹெட் 137 அடித்துக் கோப்பையைக் கொண்டு போனதைப் பார்க்க மனசு கனத்தது, ஆனால் அதற்குப் பிறகு ஒரு பந்துகூடத் தவறவில்லை.

ஏன் இப்படி என்று மறுநாள் கேபிள்காரரிடமே கேட்டேன். அவர் சொன்னது எளிமையாக இருந்தது. கன்ட்ரோல் ரூமில் பெரிய டிஷ் வாங்கும் சிக்னல் ஒன்றுதான், அதுவே வயரில் எல்லா வீட்டுக்கும் ஓடுகிறது. நாலு வீடு பார்த்தாலும் நாலாயிரம் வீடு பார்த்தாலும் அதற்குச் சுமை கூடாது. கோயில் மணி அடித்தால் கேட்கிற ஆள் கூடுவதால் சத்தம் குறையாதே, அந்த மாதிரி. போனில் பார்ப்பது அப்படி இல்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வர வேண்டும், தெருவே ஒரே குழாயில் குடம் வைத்த கதை. அன்று ஹாட்ஸ்டார் ஆப்பில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்ததாகக் கணக்கு. அத்தனை பேரையும் அவர்கள் தாங்கினார்கள், அது பெரிய சாதனைதான். எங்கள் ஊர் டவர்தான் தாங்கவில்லை.

எங்கள் அப்பத்தாவுக்கு இதெல்லாம் புதிதல்ல. 1987-ல் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயணம் வந்தபோது தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. இந்தி ஒருத்தருக்கும் தெரியாது, ஆனாலும் பத்து வீட்டுப் பெண்கள் காலை வேலையை முடித்து, தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு போய் உட்காருவார்களாம். "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று அட்டை வந்தாலும் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். அதே தொடரை 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோது ஏப்ரல் 16 அன்று ஒரே நாளில் 7.7 கோடி பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் சொன்னது. இந்த மாதிரி டிவி எண்ணிக்கை எல்லாம் குறிப்பிட்ட சில வீடுகளில் மீட்டர் வைத்து அதிலிருந்து கணக்கிடுவதுதான். டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) நிறுவனத்தின் மீட்டர், சேனலின் ஒலிக்குள் நம் காதுக்குக் கேட்காமல் வைத்திருக்கும் குறியீட்டைக் கண்டுபிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் மீட்டர் இல்லை. அதனால் வளவில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்த அத்தனை பேரையும் யாரும் தலை எண்ணவில்லை.

இரண்டாவது 2024 ஜூன் 29, டி20 உலகக் கோப்பையின் பார்படாஸ் ஃபைனல், சனிக்கிழமை ராத்திரி. இந்த முறை இரண்டு நாள் முன்னதாகவே கேபிள்காரருக்குப் போன் செய்தேன். அவரே வந்து சிக்னலைப் பல டிவிக்குப் பிரிக்கும் பழைய ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டு, வயர் முனையைச் சீவி, கனெக்டரை இறுக்கி, வளவு வரை தனியாக ஒரு வயர் இழுத்துக் கொடுத்தார். 150 ரூபாய்தான் வாங்கினார். அதற்கு முந்தின வருடம் ஒரு தடவை கரண்ட் போனபோது, சிக்னலுக்கு வலு கூட்டும் தெரு ஆம்ப்ளிஃபயர் அணைந்துவிட்டது என்று இந்த முறை அதற்குப் பேட்டரியும் வைத்திருந்தார். அதை அவர் சொல்லவில்லை, கம்பத்தில் புதுப் பெட்டியைப் பார்த்து நான்தான் கேட்டேன்.

கடைசி ஓவர், தென்னாப்பிரிக்காவுக்கு 6 பந்தில் 16 ரன் வேண்டும், பாண்டியா கையில் பந்து. டென்ஷன் தாங்காமல் அண்ணன் மகன் போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டான். மில்லர் தூக்கி அடித்தார், எல்லைக் கோட்டில் சூர்யகுமார் பிடித்து, மேலே எறிந்து, வெளியே போய், திரும்ப உள்ளே வந்து பிடித்தார். வளவே எழுந்து கத்தியது. திண்ணையிலிருந்து அவன் ஓடி வருகிறான், "என்ன ஆச்சு சித்தப்பா, இங்கே இன்னும் பந்தே போடலையே!" கையில் இருந்த போனில் பாண்டியா அப்போதுதான் ஓட்டத்தைத் தொடங்குகிறார். போனில் படம் துண்டு துண்டாகச் சேர்ந்து பிறகு ஓடுவதால் இப்படிப் பின்தங்குகிறது. தனியாக உட்கார்ந்து பார்த்தால் தெரியாது, அக்கம்பக்கம் கத்தும் தெருவில் அது ஆட்டத்தையே கெடுத்துவிடும்.

குறைகளும் உண்டு. சாதாரண நாளில் போன் செய்தால் மூன்றாவது தடவைதான் எடுப்பார். பணத்துக்கு ரசீது கேட்டால் "எழுதிக்கிறேன்" என்பதோடு சரி. பாக்ஸ் எச்டி இல்லை, பெரிய திரையில் ஸ்கோர் எழுத்து மங்கலாகத்தான் தெரியும், பின்வரிசையில் இருந்த அத்தை ஓவருக்கு ஒரு தடவை ஸ்கோர் கேட்டுக்கொண்டே இருந்தார். எதிர் வீட்டில் டிடிஎச் வைத்திருக்கிறார்கள், படம் எங்களதைவிடப் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் 'சிக்னல் இல்லை' என்று வந்துவிடும், அப்போது அவர்களும் எங்கள் வளவுக்குத்தான் வருவார்கள்.

எங்கள் பக்கம் பெரிய வீட்டில் கூட்டமாகப் பார்க்க நினைப்பவர்கள் மேட்சுக்கு இரண்டு நாள் முன்னாடியே கேபிள்காரரைக் கூப்பிட்டு வயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அன்று காலையில் கூப்பிட்டால் அவருக்கு நேரமே இருக்காது. எச்டி பாக்ஸுக்கு நான் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் படம் எப்படி என்று இதிலேயே சேர்த்து எழுதுகிறேன்.