ரீஃப் டேங்க் டீப் கிளீனிங்: சிட்ரிக் ஆசிட் போதும், தொட்டியை ஒரே நாளில் கழுவ வேண்டாம்

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் ரீஃப் டேங்க், அதாவது உயிருள்ள பவளங்கள் வளர்க்கும் நாலடி உப்புநீர்த் தொட்டி ஒன்றைப் பல வருஷமாகப் பராமரித்து வருகிறேன். சம்ப் (கீழே இருக்கும் துணைத் தொட்டி), ஸ்கிம்மர் (நுரையால் அழுக்கைப் பிரிப்பது), ரிட்டர்ன் பம்ப் (சம்ப் தண்ணீரை மேலே ஏற்றுவது), இரண்டு வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்குவது), சில்லர் (தண்ணீரைக் குளிர்விப்பது), டோசிங் பம்ப் (சத்துத் திரவங்களை அளவாக ஊற்றுவது) என்று வழக்கமான அமைப்புதான். டீப் கிளீனிங் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: கருவிகளை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் கழுவுங்கள், தொட்டிக்குள் இருக்கும் மணலையும் கல்லையும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொட்டி திடீரென்று சரிந்ததாகக் கேள்விப்பட்டு விசாரித்தால், முந்தின வாரம் மொத்தத்தையும் ஒரே மூச்சில் சுத்தம் செய்திருப்பார்கள்.

கருவிகளில் படிவது பெரும்பாலும் ஊதா நிறத்தில் கெட்டியாக ஒட்டும் கோரலைன் பாசியும் சுண்ணாம்பும். இரண்டுமே கால்சியம் கார்பனேட், அதனால் ஏதாவது ஓர் அமிலம் வேண்டும். வினிகர், கடைகளில் விற்கும் பம்ப் கிளீனர் திரவம், சிட்ரிக் ஆசிட் பவுடர் மூன்றையும் மாறி மாறிப் பயன்படுத்திப் பார்த்தபின் இப்போது கையில் எப்போதும் இருப்பது சிட்ரிக் ஆசிட்தான். பேக்கிங் சாமான் விற்கும் கடைகளில் கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் போலக் கரைத்து, பிரித்த பம்ப் பாகங்களை அதில் போட்டால் உடனே நுரைக்க ஆரம்பிக்கும். ஊதா நிறம் வெளுத்து, ஓரிரண்டு மணி நேரத்தில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தாலே படிவு உதிர்ந்து வந்துவிடும். அதே வேலைக்கு வினிகரில் ஒரு ராத்திரி முழுக்க ஊற வேண்டும், வீடெல்லாம் வாடை வேறு. பாட்டில் திரவம் மோசமில்லை, ஆனால் அந்த விலைக்கு எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, மறுபடி வாங்க மாட்டேன். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது, அதன் ஆவியே பக்கத்தில் இருக்கும் உலோகத்தைத் துருப்பிடிக்க வைத்துவிடும்.

சிட்ரிக் ஆசிட்டுக்கும் ஒரு குறை உண்டு. படிவு அதிகமாக இருந்தால் கால்சியம் சிட்ரேட் என்ற வெள்ளைத் தூள் பாகங்களின் மேல் படியும். அது லேசில் கரையாது, அதுவும் சூடான தண்ணீரில் இன்னும் குறைவாகத்தான் கரையும். அதனால் கரைசலை ரொம்ப சூடாக்காமல், நுரைப்பது நின்றதும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கிக்கொள்வது நல்லது. பிரஷ் நுழையாத இடுக்குள்ள பாகங்களுக்கு மட்டும் நான் இன்னும் வினிகர்தான் வைத்திருக்கிறேன், அது அப்படித் தூளை விடாது.

பம்ப்பைப் பிரிக்கும்போது இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் சுழல் இறக்கை) நேராக இழுக்க வேண்டும். காந்தத்தின் பிடி பலமானது, சாய்த்து இழுத்தால் உள்ளே இருக்கும் செராமிக் தண்டு பட்டென்று முறியும், அது மட்டும் தனியாகக் கிடைக்காத மாடல்களும் இருக்கின்றன. ரப்பர் புஷ்ஷையும் ஓ-ரிங்கையும் அப்போதே எடுத்து விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடலாம். ரிட்டர்ன் பைப்பில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்குமே, தண்ணீர் தானாகப் பின்னால் இழுபடுவதை (சைஃபன்) நிறுத்துவதற்காக, அதைப் பலரும் கவனிப்பதே இல்லை. அது பாசியால் அடைத்திருந்தால் கரண்ட் போகும் நேரத்தில் தொட்டித் தண்ணீர் பின்வாங்கி சம்ப்பை நிரப்பி, அடுத்து வரவேற்பறைத் தரையில்தான் நிற்கும். ஒரு பல்குச்சி போதும் அதைத் திறந்து வைக்க. ஆவியாகும் தண்ணீரைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-ஆஃப் சென்சாரும் அப்படித்தான், மேலே பாசியோ நத்தையோ ஒட்டியிருந்தால் நன்னீர் நிற்காமல் ஏறி உப்பளவு இறங்கிவிடும்.

ஸ்கிம்மர் காற்றுக்குழாயில் அடைப்பது வெறும் உப்பு, அதற்கு ஆசிட்டே வேண்டாம், வெதுவெதுப்பான ஆர்ஓ தண்ணீரை உறிஞ்ச விட்டால் கரைந்துவிடும். கழுத்துப் பகுதியின் அழுக்கை வாரா வாரம் துடைத்தால் நுரை ஒழுங்காக ஏறும். எக்காரணம் கொண்டும் சோப்பு வேண்டாம். முழுதாகக் கழுவியபின் ஓரிரு நாள் ஸ்கிம்மர் சரியாக நுரை கட்டாது, பயந்து வால்வைத் திருகிக்கொண்டே இருக்காமல் அப்படியே விட்டுவிடலாம்.

இங்கே அறையே 30 டிகிரிக்கு மேல் போவதால் ஹீட்டரை விட சில்லர்தான் முக்கியம். பின்பக்க வலையிலும் கண்டென்சர் தகடுகளிலும் தூசி அடைத்திருந்தால் கம்ப்ரெஸர் நிற்காமல் ஓடும். மென்மையான பிரஷ்ஷும் வேக்குவமும் போட்டு எடுத்த அன்றே அது ஓடும் நேரம் குறைவது காதுக்கே தெரியும். உள்பக்கத்துக்கு ஒரு வாளியில் லேசான சிட்ரிக் கரைசலைச் சின்ன பம்ப் வைத்துச் சுற்றவிட்டு, அப்புறம் ஆர்ஓ தண்ணீரால் இரண்டு முறை அலசினால் போதும். டைட்டானியம் காயிலுக்கு ஒன்றும் ஆகாது.

ஃபில்டர் சாக்குக்கு (அழுக்கை வடிகட்டும் துணிப்பை) மட்டும் ப்ளீச் போடுகிறேன். அதை ஆசிட் வாளியின் பக்கத்தில்கூட வைக்காதீர்கள், இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஊறியதை அலசி, குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் கலந்த தண்ணீரில் போட்டு, வாடை துளியும் இல்லாமல் காய்ந்த பிறகுதான் திரும்ப மாட்டுவேன். நல்ல பாக்டீரியா குடியிருக்கும் பயோ மீடியாவைக் குழாய்த் தண்ணீரில் காட்டவே கூடாது. இங்கே குழாயில் வருவது குளோராமின் என்ற கிருமிநாசினி கலந்த தண்ணீர், ஒரு ராத்திரி திறந்து வைத்தாலும் அது போகாது, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த உப்புத்தண்ணீரிலேயே முக்கி ஆட்டினால் போதும்.

இனி தொட்டிக்குள். பழைய மணலை ஒட்டுமொத்தமாகக் கிளறினால் அடியில் கறுத்துக் கிடக்கும் இடங்களிலிருந்து அழுகிய முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியேறும், கூடவே அம்மோனியாவும் ஏறும். மூன்றில் ஒரு பகுதியை மட்டும் தண்ணீர் மாற்றும் நாளில் சைஃபன் செய்துவிட்டு அடுத்த பகுதிக்குச் சில வாரம் விடுங்கள். புதுத் தண்ணீரின் அடர்த்தி 1.025 அல்லது 1.026 இருந்தால் மட்டும் போதாது, ஆல்கலினிட்டியையும் (காரத்தன்மை, டிகேஎச் அலகில் அளப்பது) பாருங்கள். சில உப்புகள் கலந்தவுடன் 11, 12 டிகேஎச் காட்டும், தொட்டி 8-இல் இருக்கும்போது அதைப் பெரிய அளவில் ஊற்றினால் அக்ரோபோரா பவளத்தின் நுனிகள் வெளுத்து எரிந்துவிடும். கண்ணாடி போலப் பளிச்சென்று வைக்க ஆசைப்பட்டு நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் அந்த இடத்தைப் பிடிப்பது டைனோ, அதாவது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். பழுப்பு நிறத்தில் குமிழி கோத்த சளி போல வந்து உட்கார்ந்தால் அதை விரட்டுவது மாதக்கணக்கில் இழுக்கும்.

கல்லைத் தேய்ப்பதில்தான் எனக்கு உண்மையான பயம். சோவாந்திட், பாலித்தோவா என்ற பொத்தான் போன்ற பவள வகைகள் ஒட்டிய கல்லை வெளியே எடுத்துச் சுரண்டுவதோ கொதிநீர் ஊற்றுவதோ கூடவே கூடாது, அவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம், ஆவியில் வந்தாலே நுரையீரலைத் தாக்கும். 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒருவர் தொட்டியைச் சுத்தம் செய்யப்போய், வீட்டார் மட்டுமில்லை, உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. முழங்கை வரை கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, திறந்த ஜன்னல், குழந்தைகள் வேறு அறையில், இதில் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று தொட்டிக்குள் கை விடுவதே இல்லை, மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற பாக்டீரியா தொற்றினால் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும்.

எல்லாம் கழுவி மாட்டியபின் வேவ்மேக்கரைப் பழைய வேகத்திலேயே ஓட விடாதீர்கள். படிவு போனதும் அதே அமைப்பில் தண்ணீர் இன்னும் வேகமாக அடிக்கும், மணல் பறக்கும், டார்ச், ஹாமர் போன்ற பவளங்களின் சதை எலும்புக்கூட்டில் உரசிக் கிழியும். கண்ட்ரோலரில் கொஞ்சம் குறைத்து வைத்து, அவை நன்றாக விரிகின்றனவா என்று பார்த்துக்கொண்டே ஒரு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள்.