மூன்றடித் தொட்டிக்கு எந்தக் கடல் முள்ளெலி?

கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளில் பவளத் தொட்டி வளர்ப்பவர்கள், பாறையில் பாசி படர்ந்ததும், அதை மேயும் முள்ளுருண்டை உயிரியான கடல் முள்ளெலியை நாடுகிறார்கள். அப்போது டயடெமா, டக்சீடோ என்னும் இரண்டு வகைகளுக்கும் இடையில்தான் பெரும்பாலும் குழப்பம் வருகிறது. பென்சில் முள்ளெலியை விட்டுவிடலாம். பாசியோடு நில்லாமல் பவளத்தையும் கடிக்கும்.

நீண்ட கருமுள் கொண்ட டயடெமா செட்டோசம், பகலில் பாறையிடுக்கில் ஒடுங்கி, விளக்கணைந்த பின் வெளிவந்து பாசியை மளமளவென்று மேய்ந்துவிடும். தொட்டிக்குள் கைவிடும்போது குத்தினாலோ, முள் தோலுக்குள்ளேயே ஒடிந்து தங்கி, நஞ்சினால் கடுக்கும். முழு வளர்ச்சியில் அதன் முட்கள் 30 செ.மீ. வரை நீளக்கூடியவை என்பதால், மூன்றடித் தொட்டியில் அது திரும்பக்கூட இடம் போதாது.

நீலப் பட்டைகளுடன் உருண்டையாக இருக்கும் டக்சீடோவோ, ஏறத்தாழ 5 செ.மீ. அளவினது, முட்களும் குட்டை. இதன் குறும்பு வேறு வகை. பசை வைத்து ஒட்டாத பவளத் துண்டையும் காலி நத்தை ஓட்டையும் தலையில் ஏற்றிக்கொண்டு, சந்தைக்குப் போகும் சுமைக்காரரைப் போலக் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால், மூன்றடித் தொட்டிக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். இரண்டுமே தம் ஐந்து பற்களால் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசியையும் சுரண்டி, வெண்ணிற விண்மீன் தடங்களை விட்டுச் செல்லும், அதில் வேறுபாடில்லை.

உண்மையான வேறுபாடு தீனியில் இருக்கிறது. பாசி தீர்ந்த பின், உப்போ எண்ணெயோ சேராத சூஷி நோரித் தாளை (உலர்ந்த கடற்பாசித் தாளை) ஒரு கல்லில் கட்டிப் போட வேண்டும். டக்சீடோவுக்குச் சிறு துண்டே போதும், உடல் பெருத்த டயடெமாவுக்கு அது காணாது, கவனிக்காவிட்டால் பட்டினியில் மெலிந்து சாகும். போடும் தீனி கூடக்கூட, கழிவிலிருந்து நீரில் சேரும் நைட்ரேட்டும் ஏறும்.

எதை வாங்கினாலும் உப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025, கால்சியம் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் நிலையாக இருக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் சில்லர் என்னும் நீர் குளிர்விப்பான் இல்லாத தொட்டி நீர் 30 பாகை செல்சியஸை எளிதில் தொடும். 25, 26 பாகையே நல்லது. மீன்களின் வெண்புள்ளி நோய்க்கான செம்பு மருந்து முள்ளெலியைக் கொன்றுவிடும்.

பினாங்கிலிருந்து பாயார் தீவுக்குப் படகேறுகிறவர்கள் அங்கிருந்து எடுத்துவர நினைக்க வேண்டாம். அது கடல் பூங்கா, அனுமதியின்றி உயிர்களைச் சேகரிப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். கடையில் வாங்கும்போது, கண்ணாடியை இறுகப் பற்றியிருப்பதையும், நிழல் பட்டால் முட்களை அசைப்பதையும் பார்த்து எடுங்கள். தொட்டியின் அடியில் உதிர்ந்த முட்கள் கிடந்தால், பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.