கரண்டும் நெட்டும் பாதியில் போகும் வீட்டுக்கு மின்ட்டா, டெபியனா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப் ரங்கூனிலோ மோல்மீனிலோ உங்கள் வீட்டில் கிடந்தால், அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் இயங்குதளங்களான லினக்ஸ் மின்ட் 22இன் எக்ஸ்எஃப்சிஇ (லேசான டெஸ்க்டாப்) பதிப்பு, டெபியன் 13 என்ற இரண்டுமே அதை நன்றாக ஓட்டும். ஆனால் இன்ஸ்டால் ஓடும்போதே கரண்டு போனால், நெட் அறுந்தால் எது தாங்கும்? நம் ஊருக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். அந்தக் கணக்கில்தான் இரண்டையும் எடை போட்டிருக்கிறோம்.

கையில் இருக்கும் யூஎஸ்பியே போதுமா?

மின்ட்டின் இன்ஸ்டால் கோப்பு (ஐஎஸ்ஓ) ஏறத்தாழ 2.9 ஜிபி. ஒரு முறை இறக்கிவிட்டால் டெஸ்க்டாப், பிரவுசர், ஆபீஸ் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். நெட்டே இல்லாமல் இன்ஸ்டால் முடியும். மல்டிமீடியா கோடெக் (சில வகை பாட்டு, வீடியோ ஓட உதவும் மென்பொருள்) வேண்டுமா என்று கேட்கும் இடத்தில் மட்டும் டிக் போடாதீர்கள், அது நெட்டைத் தேடும். எஸ்எஸ்டி உள்ள மெஷினில் கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். எனவே கரண்டு வந்தவுடன் தொடங்குங்கள். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும், ஆனால் இழப்பு அந்த அரை மணி நேரம்தான்.

டெபியனில் பலரும் எடுப்பது நெட்இன்ஸ்ட் என்ற சின்னக் கோப்பு. 1 ஜிபிக்கும் குறைவு என்பதால் ஆசை வரும். ஆனால் அது அடிப்படையை மட்டும் வைத்துக்கொண்டு மீதி அத்தனையையும் இன்ஸ்டால் ஓடும்போது நெட்டிலிருந்து இழுக்கிறது. டெஸ்க்டாப் இறங்கிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் மறுபடி இன்ஸ்டாலரைத் தொடக்கத்திலிருந்து ஓட்ட வேண்டும். இறக்கிய டேட்டா வீண். இதற்கு ஒரு வழி உண்டு. எந்த மென்பொருள் வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் டெஸ்க்டாப் டிக்குகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ‘ஸ்டாண்டர்ட் சிஸ்டம் யூட்டிலிட்டீஸ்’ மட்டும் வைத்து முடித்துவிடுங்கள். பிறகு கறுப்புத் திரையில் லாகின் செய்து டாஸ்க்செல் (tasksel) கட்டளையால் டெஸ்க்டாப்பைப் போடுங்கள். இப்போது கரண்டு போனாலும் அதுவரை இறங்கிய பேக்கேஜ்கள் (மென்பொருள் பொதிகள்) டிஸ்க்கிலேயே தங்கும். அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரும். இதற்கு ரௌட்டரிலிருந்து லேன் கேபிள் போட்டுக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் இல்லாத டெபியனில் வைஃபையைக் கட்டளை வழியாக அமைப்பது புதியவருக்குச் சிரமம்.

அவ்வளவு பாடு வேண்டாம் என்றால் டெபியனின் முதல் டிவிடி கோப்பை எடுங்கள். அதில் டெஸ்க்டாப்பும் இருக்கிறது, நெட் தேவையில்லை. 8 ஜிபி யூஎஸ்பி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் ஆன பிறகு புதுப் பேக்கேஜ் கேட்டால் ‘டிஸ்க்கைப் போடு’ என்று அடம்பிடிக்கும். பேக்கேஜ்களை இறக்கும் ஏப்ட் (apt) என்ற கருவியின் சோர்ஸஸ் கோப்பில் (/etc/apt/sources.list) ‘deb cdrom:’ என்று தொடங்கும் வரியின் முன்னால் # குறி போட்டு, நெட் மிரர் (பேக்கேஜ்களை வைத்திருக்கும் சர்வர்) வரியைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

எதை இறக்கினாலும் ஷா256 எண்ணை (கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) இறக்கிய தளத்தில் உள்ளதோடு ஒத்துப் பார்க்காமல் யூஎஸ்பியில் எழுதாதீர்கள். நெட் அறுந்து அறுந்து வந்த கோப்பு பார்வைக்கு முழுசாக இருக்கும், இன்ஸ்டால் நடுவில்தான் பல்லிளிக்கும். ரூஃபஸில் (ஐஎஸ்ஓவை யூஎஸ்பியில் எழுதும் விண்டோஸ் மென்பொருள்) எழுதும்போது ஐஎஸ்ஓ முறையில் பூட் ஆகாவிட்டால் டிடி முறையில் மறுபடி எழுதுங்கள்.

வைஃபை

மின்ட்டின் பெரிய பலம் இங்கேதான். இன்ஸ்டால் செய்யும் முன்பே லைவ் ஆக, அதாவது யூஎஸ்பியிலிருந்தே, ஓட்டி வைஃபை, சவுண்டு, டச்பேட், திரை வெளிச்சம் எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். டெபியனின் நெட்இன்ஸ்ட்டிலும் டிவிடியிலும் அந்த வசதி இல்லை. தனியாக லைவ் கோப்பு இறக்க வேண்டும்.

டெபியன் 12இலிருந்து (2023 ஜூன்) ஃபர்ம்வேர்கள் (வைஃபை போன்ற சாதனங்கள் இயங்கத் தேவையான சிறு மென்பொருள்கள்) இன்ஸ்டாலரிலேயே வருகின்றன. அதனால் இன்டெல் வைஃபை இப்போது தொல்லை தருவதில்லை. சிக்கல் பிராட்காம் நிறுவனத்தின் வைஃபையில், குறிப்பாக பிசிஎம்43142 சிப்பில். அதற்கான டிரைவர் நான்-ஃப்ரீ (மூலநிரல் திறந்திராத மென்பொருள்) பிரிவில் இருப்பதால் டெபியன் டிவிடியில் கிடைக்காது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் சொருகி டெதரிங் (போன் நெட்டைப் பகிர்வது) போட்டு, அந்த நெட்டில் இறக்கிக்கொள்ள வேண்டும். மின்ட்டிலோ டிரைவர் மேனேஜரைத் திறந்து இன்ஸ்டால் யூஎஸ்பியைச் சொருகினால், நெட் இல்லாமலே அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

செக்யூர் பூட் (கையெழுத்திடாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கிக்கொண்டிருந்தால் இந்த டிரைவர் ஏறியும் வேலை செய்யாது. கையெழுத்துச் சாவியை மெஷின் ஏற்க வேண்டும். மின்ட் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீபூட்டில் வரும் நீலத் திரையில் ‘என்ரோல் எம்ஓகே’யைத் தேர்ந்து அதையே அடிக்க வேண்டும். அந்தத் திரை சில விநாடிகள்தான் நிற்கும். டெபியனில் சாவியை நீங்களே கட்டளையால் பதிவுசெய்ய வேண்டும். வீட்டு மெஷினில் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது எளிது. விண்டோஸும் கூட இருந்து பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால், அணைக்கும் முன் அதன் ரெக்கவரி சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரமும் கீபோர்டும்

விண்டோஸோடு சேர்த்துப் போட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கடிகாரம் சரியாக 6 மணி 30 நிமிடம் தள்ளி நிற்கும். மெஷின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் (மியான்மர்) நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிப்பதுதான் காரணம். லினக்ஸில் timedatectl set-local-rtc 1 என்ற கட்டளையைக் கொடுத்தால் தீரும். வித்தியாசம் ஆண்டுக்கணக்கில் இருந்தால் அது வேறு நோய்: மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி செத்திருக்கிறது. தேதி பின்னால் போனால் ‘ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று ஏப்ட் மறுக்கும். மிரரைக் குறை சொல்லாமல் பேட்டரியை மாற்றுங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய லேப்டாப்பில் கீபோர்டு அமைப்பை ஜப்பானியம் என்றே தேர்ந்தெடுங்கள். அமெரிக்க அமைப்பில் விட்டால் @ குறி அச்சிட்ட இடத்தில் வராது. பாஸ்வேர்டு தவறாகப் பதிந்து, பிறகு கீபோர்டு அமைப்பை மாற்றினால் லாகின் ஆகாமல் போகலாம்.

கரண்டு போன பிறகு

இரண்டும் ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறையைத்தான் டிஸ்க்கில் இயல்பாகப் போடுகின்றன. திடீரென்று அணைந்தாலும் அதன் ஜர்னல் (மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேடு) பெரும்பாலும் காப்பாற்றிவிடும். பூட் ஆகாமல் கறுப்புத் திரையில் இனிட்ராம்எஃப்எஸ் (initramfs) என்று நின்றுவிட்டால், திரையில் சொல்லும் பார்ட்டிஷனுக்கு எஃப்எஸ்சிகே (fsck) என்ற பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டுங்கள். அப்டேட் நடுவில் அணைந்தால் மோசம். sudo dpkg --configure -a கட்டளையை ஓட்டினால் பல நேரம் மீளும். மீளாதபோது மின்ட்டில், சிஸ்டத்தின் பழைய நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்ட் இருக்கிறது: அதே யூஎஸ்பியில் பூட் செய்து முந்தைய நாள் நிலைக்குத் திரும்பலாம். ஆனால் முதல் நாளே அதை இயக்கி வைத்திருக்க வேண்டும். டெபியனில் டைம்ஷிஃப்டை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

டெபியன் போடுபவருக்கு இன்னொன்று: இன்ஸ்டாலில் ரூட் (தலைமைக் கணக்கு) பாஸ்வேர்டு கேட்கும் இடத்தைக் காலியாக விடுங்கள். அப்போதுதான் உங்கள் கணக்குக்கு சூடோ (sudo) அதிகாரம், அதாவது சிஸ்டத்தை மாற்றும் உரிமை, தானாக வரும்.

முதல் முறை போடுபவருக்கும், வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் மெஷினுக்கும் மின்ட்டைத்தான் சொல்வோம். நெட்இன்ஸ்ட்டை யூபிஎஸ்ஸும் நிலையான இணைப்பும் உள்ளவர் மட்டும் எடுங்கள். 32 பிட் மெஷின் என்றால் இந்த இரண்டு பதிப்புமே ஏறாது. டெபியன் 13இல் 32 பிட் இன்ஸ்டாலரே இல்லை. அதற்கு டெபியன் 12ஐ எடுங்கள், 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு உண்டு.